முப்பத்தெட்டுக் கண்ணிகள்

நிமிஷக்காரர் என்ற பெயரை அவருக்கு யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. அவருடைய வாயே வாங்கிக் கொடுத்த பெயர் அது. யார் என்ன கேட்டாலும், "ஒரு நிமிஷம், நானே செஞ்சுடறேன்" என்பார். தாழ்ப்பாள் விழவில்லையா, ஒரு நிமிஷம். ஷட்டர் பாதியில் நின்றுவிட்டதா, ஒரு நிமிஷம். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

ஐம்பத்திரண்டு வயது, தொண்ணூறு கிலோ எடை. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு மனிதர் ஓர் இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாடு நின்றபடிதான். டீயை ஆறவிடும் பொறுமை கிடையாது, வாயைச் சுட்டுக்கொண்டு குடிப்பார். முடிவெட்டுகிறவர் அவர் தலையைக் கண்டதுமே கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, ஆடாமல் இருப்பதாக வாக்குக் கொடுத்தால்தான் நாற்காலியைக் காட்டுவார். "இவரு காலுக்கு அடியில யாரோ அடுப்பு மூட்டி வச்சிருக்காங்க" என்பது அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வது.

அவருக்குச் சொந்தமாக ஓர் இரும்புப் பட்டறை இருந்தது. கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, இதெல்லாம்தான் வேலை. சும்மா சொல்லக் கூடாது, சுத்தமான கை. அந்தக் கையை நிதானமாக வேலை செய்ய விடாமல் இழுத்துக்கொண்டு ஓடும் மனசுதான் கோளாறு.

அவருடைய மனைவியின் தம்பி பெயின்டர். உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் தொங்கு சாரத்தில் நின்று வண்ணம் அடிக்கிறவன். ஒருநாள் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து புலம்பினான். சாரத்தைத் தாங்குகிற கம்பி ரோப்பின் நுனிகளில் கண்ணி போட்டு வாங்கக் கம்பெனியில் கொடுத்தால் பத்து நாள் இழுத்தடிக்கிறார்களாம். பத்து நாளும் கூலி இல்லாமல் வீட்டில் கிடக்க வேண்டியிருக்கிறதாம்.

"ஒரு நிமிஷம் மச்சான்" என்றார் நிமிஷக்காரர்.

கம்பி ரோப்பைக் கயிறு மாதிரி முடிச்சுப் போட முடியாது. நுனியை வளையமாக மடக்கி, இரண்டு இழையும் சேர்கிற இடத்தில் ஓர் அலுமினியக் குழலை மாட்டி, அந்தக் குழலை நசுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் அது ஒரு பக்கம் சப்பையாகும், இன்னொரு பக்கம் பிளக்கும். சுற்றிலும் ஒரே அளவாக இறுகினால்தான் பிடிக்கும். அதற்கு டை வேண்டும். டை என்றால் ஒன்றுமில்லை, ஆளுக்கொரு அரைவட்டப் பள்ளம் வைத்த இரண்டு இரும்புக் கட்டைகள். இரண்டும் வாயை மூடும்போது நடுவில் குழல் மாட்டிக்கொண்டு வட்டமாக நசுங்கும்.

கடையில் அந்த டை கிடைக்கவில்லை. அவர் காத்திருக்கவுமில்லை. கனமான இரண்டு இரும்புத் துண்டுகளை எடுத்து, நடுவில் ஓர் அட்டையை வைத்து வைஸ் பிடிப்பானில் இறுக்கினார். இரண்டும் சேர்கிற கோட்டில், டிரில்லில் மாட்டும் பத்து மில்லிமீட்டர் பிட்டால் ஓட்டை போட்டார். பிறகு அட்டையை உருவி எறிந்தார். அட்டையின் கனத்துக்கு ஓட்டை கொஞ்சம் சிறுத்துப்போகும், பிடி இன்னும் இறுகும். இது அவருடைய சொந்த மூளை. லாரிக்குப் போடும் ஜாக்கியை ஓர் இரும்புச் சட்டத்துக்குள் பொருத்தி அழுத்தும் இயந்திரமும் அவரே செய்தார். எல்லாம் இரண்டே நாளில்.

நசுக்கிய குழல் சரியான அளவுக்கு வந்ததா என்று பார்க்க வேண்டுமே. அதற்கு ஒரு தகட்டில் பத்து மில்லிமீட்டர் ஓட்டை போட்டு ஆணியில் மாட்டினார். குழல் அதில் நுழைந்தால் இறுகிவிட்டது என்று அர்த்தம், நுழையாவிட்டால் இன்னும் நசுக்க வேண்டும். முதல் கண்ணியின் குழல் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. நிமிஷக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நாற்பது குழல் உள்ள ஒரு பாக்கெட் வாங்கியிருந்தார். மச்சானின் சாரத்துக்கு நான்கு கண்ணி போட்டார். சேதி பரவியது. ஒரு கடையின் வெயில் மறைப்புக்குப் பன்னிரண்டு, உடற்பயிற்சிக் கூடத்துக்கு எட்டு, ஒரு கிடங்கின் கேட்டுக்கு ஆறு, நாய் வளர்க்கிற ஒருவருக்கு இரண்டு, நாற்றுப் பண்ணைக்கு இரண்டு, யாரோ ஒரு பெண்ணுக்கு நான்கு. ஒவ்வொரு குழலும் தகட்டு ஓட்டையில் நுழைந்துவிட்டுத்தான் வெளியே போனது. மூன்று மாதத்தில் பாக்கெட்டில் இரண்டே குழல் மிச்சம்.

அதன்பின் ஒரு விடுமுறை நாள் காலையில், வீட்டில் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த சுவர்ப் பலகையை மாட்டித் தொலைப்போம் என்று அவர் இறங்கினார். இரும்புக் கோணத்தில் அதே பத்து மில்லி பிட்டால் ஓட்டை போட்டு, பத்து மில்லி போல்ட்டைச் செருகினார். போல்ட் தொளதொளவென்று ஆடியது.

பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி, "உங்கள மாதிரியே இருக்கு, ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது" என்றாள்.

அவரும் சிரித்தார். வேறு போல்ட்டை எடுத்துப் பார்த்தார், அதுவும் ஆடியது. சிரிப்பு பாதியில் நின்றது. பிட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டை செய்வதற்கு முன்பே அது முனை மழுங்கியபோது, புதிது வாங்க மூன்று தெரு நடக்கச் சோம்பல் பட்டு, சாணைக் கல்லில் கையாலேயே தீட்டியிருந்தார். ஒரு பக்க வெட்டு நீளம், இன்னொரு பக்கம் குட்டை. அப்படி இருக்கிற பிட் சுழலும்போது தள்ளாடும், ஓட்டை பெரிதாகும். இரும்பு வேலைக்காரர் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அவருக்கும் தெரியும்.

டைக்கு ஓட்டை போட்டது இந்தப் பிட். சரி, அதுதான் தகட்டில் சோதித்தோமே என்று மனசு ஒரு கணம் ஆறுதல் தேடியது. அடுத்த கணமே அந்த ஆறுதலும் போனது. தகட்டு ஓட்டையும் இதே பிட்டில் போட்டதுதான்.

அளவு பார்க்கும் அவருடைய வெர்னியர், பட்டறைக்குப் பக்கத்தில் லேத் வைத்திருக்கும் கடைசல்காரரிடம் இரவல் போயிருந்தது. பட்டறைக்கும் அவர் கடைக்கும் பத்தடி தூரம். அன்றைக்கு அந்தப் பத்தடி நடக்க நேரமில்லாத மனிதர், இன்று சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஓடினார். கடைசல்காரர் தகட்டை அளந்தார். பத்தரைக்கும் மேல். டையை மூடி அளந்தார். அட்டையின் கனம் போகக் கிட்டத்தட்ட பத்தரை. டையும் பொய், அதற்குச் சாட்சி சொன்ன தகடும் பொய். முப்பத்தெட்டுக் கண்ணியும் அரை மில்லிமீட்டர் தொளதொளப்போடு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

"அரை மில்லிதானே, விடுப்பா" என்றார் கடைசல்காரர்.

விட முடியுமா? மச்சான் ஏழாவது மாடி உயரத்தில் நிற்கிறான்.

கட்டடத்தின் கீழே நின்று கத்தலாமா என்று முதலில் நினைத்தார். கத்தினால் அவன் சாரத்தைக் கீழே இறக்குவான். இறக்குவதும் அதே ரோப்பில்தானே. ஏழு மாடிப் படியையும் ஏறினார். மூச்சு வாயில் வந்து நின்றது. ஒரு காலி அறைக்குள் நுழைந்து ஜன்னலைத் திறந்தார். கைக்கெட்டும் தூரத்தில் மச்சானும் இன்னொரு பெயின்டரும் நின்று வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், ஜன்னல் வழியா உள்ள வந்துடு."

"என்ன மாமா, இங்க வந்து நிக்கறீங்க? இன்னும் ரெண்டடிதான் பாக்கி, முடிச்சிட்டு வரேன்."

"பிரஷ்ஷப் போடு. நான் போட்ட கண்ணி தப்பு. அளவு தப்பாப் போச்சு. மெதுவா உள்ள வா."

முப்பது வருஷத்தில் தன் வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து தப்பு என்ற சொல் வந்ததில்லை. மச்சான் அந்த முகத்தைப் பார்த்தான், பிரஷ்ஷை வாளியில் போட்டான். கூட நின்றவனை முதலில் உள்ளே அனுப்பிவிட்டு, பிறகு தானும் சட்டத்தைப் பிடித்து ஏறி வந்தான்.

மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தார்கள். மூன்று கண்ணி வைத்தது வைத்தபடி இருந்தது. நான்காவதில், போட்ட அன்று குழலுக்கு வெளியே ஓர் அரிசி நீளம் நீட்டிக்கொண்டிருந்த ரோப் நுனியைக் காணவில்லை. அது குழலுக்குள் நழுவிப் போயிருந்தது. மச்சான் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. திட்டுவான் என்று நிமிஷக்காரர் காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"மாமா, இந்த மாதிரி இன்னும் எத்தனை வெளிய இருக்கு?"

"முப்பத்தி நாலு."

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. புது பிட் வாங்கினார், புது டை செய்தார், வெர்னியரைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். கம்பி வெட்டும் பெரிய கட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போனார். வெயில் மறைப்புக்காரர் முகம் சுளித்தார், ஆனாலும் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். உடற்பயிற்சிக் கூடத்தில் பளு தூக்கிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு எட்டுக் கண்ணியையும் வெட்டி எடுத்தார். அங்கே ஒரு வாலிபன், இவ்வளவு நாள் நெஞ்சுக்கு மேல் இதை வைத்துத்தான் இழுத்தேனா என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நாய்க்காரர் மட்டும் கதவைத் திறக்கவே மாட்டேன் என்றார். நாய் அறுத்துக்கொண்டு ஓடினால் தேடிக்கொள்கிறேன், நீர் போய் வாரும் என்றார். நிமிஷக்காரர் மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். நாய் அவருக்கு வாலாட்டப் பழகிய பிறகு நாய்க்காரரும் வழிக்கு வந்தார்.

பத்து நாளில் முப்பத்து நான்கு கண்ணிகள் வெட்டுண்டு பட்டறை மூலையில் கிடந்தன. மிச்சம் நான்கு. யாரோ ஒரு பெண்ணுக்குக் கொடுத்த நான்கு.

அவள் வந்த மதியத்தில் பட்டறையில் இருந்தது நிமிஷக்காரரின் மனைவிதான். பெயர் கேட்கவில்லை, விலாசம் கேட்கவில்லை. விற்பதற்கென்று தயாராக வைத்திருந்த இரண்டு ரோப்பை எடுத்துக் கொடுத்தாள், பணத்தை வாங்கிப் போட்டாள். ஒவ்வொரு ரோப்புக்கும் மேலே ஒரு கண்ணி, கீழே ஒரு கண்ணி. அவர் கடைசியாக நசுக்கிய குழல்கள். அதற்குள் அந்த இரும்பு டையும் தேய்ந்து இன்னும் கொஞ்சம் அகன்றிருக்கும். மற்றவற்றைவிட மோசமாக இருந்திருக்க வேண்டியவை அவைதான்.

"நல்லா யோசிச்சுப் பாரு. எதுக்குன்னு சொன்னா?"

மனைவிக்கு ஞாபகம் இருந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை.

"ஊஞ்சலுக்குன்னாங்க. மாடியில, குழந்தைக்குக் கட்டப் போறதா சொன்னாங்க."

நிமிஷக்காரர் செருப்பு மாட்டாமலேயே தெருவில் இறங்கிவிட்டார்.

மாடியில் கட்டிய ஊஞ்சலைத் தெருவிலிருந்து எப்படிப் பார்ப்பது? வீடு வீடாகக் கதவைத் தட்டினார். உங்க மாடியில் ஊஞ்சல் இருக்கிறதா என்று, கழுத்தில் வெர்னியர் தொங்க, தோளில் கட்டரோடு ஒரு தடியர் வந்து கேட்டால் யார்தான் பதில் சொல்வார்கள்? ஒரு வீட்டில் போலீஸைக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். ஒரு வீட்டில் பைத்தியம் என்றே முடிவு கட்டி அனுதாபத்தோடு தண்ணீர் கொடுத்தார்கள். எங்காவது குழந்தை அழும் சத்தம் கேட்டால் போதும், நடுரோட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். அவருடைய பயத்தை வேறு எப்படிச் சொல்வது? முகமே தெரியாத ஒரு குழந்தையின் மண்டை, அவர் கண்ணை மூடினாலும் திறந்தாலும் தரையில் மோதிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் மச்சான் தேடி வந்தான். கம்பெனியில் கண்ணி போட்டு வாங்கிய ரோப்பில் சாரத்தை மறுபடி ஏற்றியிருந்தான்.

"மேல வாங்க மாமா. அங்கேருந்து பாத்தா எல்லா மொட்டை மாடியும் தெரியும்."

ஏழாவது மாடி ஜன்னலில் ஒரு காலை வைத்து, இன்னொரு காலைத் தூக்குவதற்குள் நிமிஷக்காரருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. ஏறியதும் சாரம் லேசாக அசைந்தது. மச்சான் வாழ்நாள் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இதைத் தாங்கும் கண்ணியைத்தானா இரண்டு நாளில் செய்து கையில் கொடுத்தோம் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. கம்பியைப் பிடித்தபடி தெருத் தெருவாகக் கண்ணை ஓட்டினார். துணி காயும் மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், உடைந்த நாற்காலிகள். மச்சான்தான் முதலில் பார்த்துக் கைகாட்டினான். நான்காவது தெருவில், தகரக் கூரை போட்ட ஒரு மாடியில் சிவப்புப் பலகை ஒன்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் ஏதோ சின்னதாக உட்கார்ந்திருந்தது.

அந்த வீட்டுக் கதவைத் திறந்த பெண்ணுக்கு அவர் மூச்சு வாங்க மூச்சு வாங்கச் சொன்னதில் பாதிகூடப் புரியவில்லை. புரிந்த பாதியிலும் சந்தேகம்தான் வந்தது. புது ரோப்பு விற்கத்தான் இந்த வேலையா என்று கேட்டாள். இல்லை, காசு வேண்டாம், முதலில் குழந்தையை இறக்குங்கள் என்று கெஞ்சினார். அவள் அவரை மாடிக்கு அழைத்துப் போனதே, ஊஞ்சல் நன்றாக இருப்பதை ஒரு நொடியில் காட்டித் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான்.

ஐந்து வயதுப் பெண் குழந்தை ஊஞ்சலில் இருந்தது. அம்மா சொன்னதும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கி நின்றது.

"ஒரு மாசமா இவ இதுலதான் ஆடறா. ஒண்ணும் ஆகலையே. நல்லாத்தானே இருக்கு?"

நிமிஷக்காரர் குழல்களைப் பார்த்தார். கீழே இருந்த இரண்டும் பார்வைக்குச் சரியாகவே இருந்தன, மேலே இருந்தவை எட்டாத உயரத்தில் இருந்தன. ரோப் நுனி வெளியே நீட்டுகிறதா, உள்ளே போய்விட்டதா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. கட்டரைத் தூக்கினார். அவள் குறுக்கே வந்து நின்றாள். எங்கள் வீட்டுக்காரர் வரட்டும், அவரிடம் பேசிக்கொள்ளுங்கள், அதுவரை எதிலும் கை வைக்காதீர்கள் என்றாள். அவர் எப்போது வருவார் என்று கேட்டார். பொழுது சாய்ந்துவிடும் என்றாள். பொழுது சாய்கிற வரைக்கும் இந்தக் குழந்தை ஆடும். நாளைக்கும் ஆடும்.

"ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு, நிமிஷக்காரர் ஊஞ்சலில் உட்கார்ந்தார்.

தொண்ணூறு கிலோவும் பலகைமேல் இறங்கியது. தகரக் கூரையின் குழாய் முனகியது. கண்ணிகள் அசையவில்லை. "பாத்தீங்களா?" என்றாள் அந்தப் பெண். அவர் காலால் உந்தினார். ஊஞ்சல் முன்னால் போனது, பின்னால் வந்தது. இன்னும் வேகமாக உந்தினார். தாங்கியது. தான் செய்த ஒரு பொருள் உடைந்து தொலைய வேண்டும் என்று வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வேண்டிக்கொண்டார். பிடிவாதமாகத் தாங்கிக்கொண்டு, அது அவரை அந்தப் பெண்ணின் முன்னால் பொய்யனாக்கிக்கொண்டிருந்தது. தாங்கிவிட்டால் அவரை வெளியே அனுப்பிவிட்டுக் குழந்தையைத் தூக்கி மறுபடி இதில் உட்கார வைப்பாள். வெட்கத்தை விட்டு எம்பி எம்பிக் குதித்தார். அவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. குழந்தை அதைப் பார்த்துக் கைதட்டியது.

ஏழாவது குதிப்பிலோ எட்டாவதிலோ இடதுபக்க ரோப்பின் நுனி மேல் குழலிலிருந்து சரக்கென்று உருவிக்கொண்டு வந்தது. பலகை செங்குத்தாகக் கவிழ்ந்தது. நிமிஷக்காரர் பக்கவாட்டில் சிமென்ட் தரையில் போய் விழுந்தார். இடுப்பிலிருந்து தோள் வரைக்கும் யாரோ இரும்புக் கம்பியால் அடித்த மாதிரி இருந்தது. உருவி வந்த ரோப்பின் நுனி காற்றில் சுழன்று அவர் காதைக் கீறிக்கொண்டு போனது.

அந்தப் பெண் இரண்டடி பாய்ந்து குழந்தையை வாரி எடுத்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உருவி விழுந்த ரோப்பின் வெற்றுக் குழலையும் கீழே கிடந்த மனிதரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

குழந்தைதான் அம்மாவின் பிடியிலிருந்து தலையை நீட்டிக் கேட்டது.

"தாத்தா, வலிக்குதா?"

"வலிக்குதும்மா" என்றார் அவர், தரையில் கிடந்தபடியே, அழுதுகொண்டு. "ரொம்ப நல்லா வலிக்குது."